சுங்கை சிப்புட்டிலிருந்து நூறு மீட்டர்: கையைக் கடிக்காத ரைபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் துப்பாக்கி என்றாலே செனாபாங் பாத்தாதான் நினைவுக்கு வரும். செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் மடக்குத் துப்பாக்கி அது. சிதறி விழும் சில்லுகள் பன்றிக்குப் போதும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அட்டையில் கருப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை போட அது ஆகாது. அதற்குக் குழலுக்குள் புரி வெட்டிய ரைபிள் வேண்டும்.

"அண்ணே, ஆயிரம் மீட்டர் சுடுற மாதிரி சீப்பா ஒரு ரைபிள் சொல்லுங்க" என்று தாமானில் பையன்கள் கேட்கிறார்கள். கைப்பேசியில் அமெரிக்கக்காரர் வறண்ட மலைச்சரிவில் படுத்துக்கொண்டு சுடுவதைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி. கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த நாட்டில் இந்த விளையாட்டைத் தொடங்குகிறவர் ரைபிளை முதலில் தேர்ந்தெடுப்பதில்லை. அனுமதி, மன்றம், பயிற்சி, தோட்டா, இதெல்லாம் ஆன பிறகுதான் ரைபிள். பணமும் அந்த வரிசையில்தான் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

முதலில் சட்டம்

துப்பாக்கி என்ற பேச்சை எடுத்ததும் வீட்டில் தாத்தா பாட்டிமார் முகம் மாறினால் அதற்குக் காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று இருந்த காலம். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில்தான். அந்தக் காலத்தை லயத்தில் கழித்தவர்களுக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தெரியாது.

இப்போது நடப்பில் இருப்பவை 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டமும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் பின்னதின்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் அடி. புதியவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளும் நம் சட்டத்தில் ஆயுதம்தான். பக்கத்து நாட்டுக்காரர் ஆன்லைனில் சுலபமாக வாங்குகிறார் என்று நீங்களும் பார்சல் போடச் சொல்லக் கூடாது. பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட், பார்ப்பதற்கு நிஜம் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி எல்லாமே வம்புதான். சுங்கத்தில் பிடித்துக்கொண்டால் "விளையாட்டுக்குத்தான் சார்" என்ற பேச்சு எடுபடாது.

லைசென்ஸ் ஆளுக்குரியது. அப்பா பெயரில் செனாபாங் லைசென்ஸ் இருக்கிறது என்பதால் மகன் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்பா காலமாகிவிட்டால் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

"தோட்டத்துக்குள் யாரும் இல்லாத மூலையில் சுட்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. கூடவே கூடாது. சின்ன ரகத் தோட்டாவான .22 ஈயக் குண்டு கூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். செம்பனை வரிசை அதைத் தடுக்கும் மதில் இல்லை. வரிசைக்கு அந்தப் பக்கம் குலை வெட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். பின்னால் மண்மேடு கட்டி, போலீஸ் ஒப்புதல் பெற்ற சுடுதளத்தில் மட்டும்தான் இந்த விளையாட்டு.

மன்றத்தில் சேருங்கள், அவர்கள் ரைபிளில் சுடுங்கள்

தேசியத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் கீழ் மாநிலச் சங்கங்களும் மன்றங்களும் இயங்குகின்றன. சுபாங்கில் தேசியச் சுடுதளம் இருக்கிறது. லங்காவியில் உள்ள தளத்தில்தான் 1998 காமன்வெல்த் போட்டிகளின் துப்பாக்கிச் சுடும் பிரிவு நடந்தது. நம் ஊர்க்காரர் முதலில் பேராக்கிலேயே விசாரிப்பது நல்லது. ஈப்போ அரை மணி நேர ஓட்டம்தான். மன்றத்தில் கேட்க வேண்டியவை நாலே நாலு: புதியவருக்குப் பயிற்சி உண்டா, மன்றத்து ரைபிளை உறுப்பினர் பயன்படுத்தலாமா, எத்தனை மீட்டர் வரை தளம் இருக்கிறது, சொந்த ரைபிளுக்கு விண்ணப்பிக்க மன்றம் ஆதரவுக் கடிதம் தருமா. கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், ரைபிள் பட்டியல் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு மன்றத்து ரைபிளிலேயே சுடலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

தொடக்கம் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைபிளாக இருக்கும். "நான் தூரம் சுட வந்தேன், பத்து மீட்டரா?" என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேராக்கில் பிறந்த நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு சுட்டது இந்தப் போட்டியில்தான். மூச்சை அடக்குவது, டிரிகரை நோகாமல் அழுத்துவது, குண்டு வெளியேறிய பிறகும் குறியை விட்டு அசையாமல் இருப்பது, இந்த மூன்றையும் பத்து மீட்டரில் படித்தவருக்கு நூறு மீட்டரில் புதிதாகப் படிக்க வேண்டியது காற்று மட்டும்தான்.

இந்தப் பயிற்சிக் காலத்தில் உங்கள் ஆதிக்கக் கண் எது என்பதையும் பார்த்து வையுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் நகராமல் நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

ஏன் .22?

கைப்பேசியில் பார்த்த ஆயிரம் மீட்டர் ஆட்டத்துக்கு .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் போன்ற பெரிய தோட்டாக்கள். 2018 காமன்வெல்த் போட்டிகளில் புல்போர் என்ற பெரிய ரைபிள் பிரிவிலும் 300 முதல் 1000 கஜம் வரை 7.62 மில்லிமீட்டர் ரைபிளில்தான் சுட்டார்கள். மலேசியாவில் தனியார் ஒருவருக்கு அப்படிப்பட்ட ரைபிளுக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் செலவு தாங்காது: .308 போட்டித் தோட்டா ஒன்றின் காசில் .22 பயிற்சித் தோட்டா பத்துக்கு மேல் வாங்கலாம்.

எனவே தேர்வு .22 எல்.ஆர்., அதாவது .22 லாங் ரைபிள் தோட்டா. அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டி இதில்தான் நடக்கிறது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தூரத்தை நூறு மீட்டருக்குக் கொண்டுபோனால் பெரிய தோட்டா பல நூறு மீட்டரில் காட்டும் பிடிவாதத்தை இது அங்கேயே காட்டிவிடும். 50 மீட்டரில் குறி சரிசெய்த ரைபிளை 100 மீட்டர் அட்டையில் அப்படியே வைத்துச் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். 200 மீட்டரில் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விடும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, நூறு மீட்டரில் அதைச் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளும். தோளில் உதை கிடையாது, சத்தமும் குறைவு. அதற்காகக் காதடைப்பு இல்லாமல் சுடக் கூடாது. இந்தச் சத்தமும் காதைக் கெடுக்கும்.

சரி, எந்த ரைபிள்?

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்குகிறேன். செக் நாட்டு சி.இசட். 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், அமெரிக்காவின் சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர். நான்கும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுபவை. அமெரிக்கக் கடைகளில் இந்த வகைகள் மாதிரியைப் பொறுத்து ஏறக்குறைய 300 முதல் 700 டாலருக்குள் அடங்கும். அந்த விலையை ரிங்கிட்டுக்கு மாற்றி இங்கே கணக்குப் போடாதீர்கள். இறக்குமதி, டீலர், அனுமதி எல்லாம் சேர்ந்து வேறு எண்ணாகிவிடும். டீலர் கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து பொறுக்குவதே பெரும்பாலோர் நிலை. அதனால் மாதிரியின் பெயரைவிட, எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது முக்கியம்.

எனக்கு முதலில் வருவது உடம்புக்குப் பொருத்தம். குண்டு இல்லை என்று இருவரும் உறுதி செய்த ரைபிளை வாங்கி, தோளில் அணைக்கும் கட்டையின் அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் கணு டிரிகரைத் தொட வேண்டும். பெரும்பாலான ரைபிள்களில் கட்டையின் அடியிலிருந்து டிரிகர் வரை நீளம் 13.5 அங்குலம் அளவில் இருக்கும். நம் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அது நீளம். அடுத்து, ஆள் இல்லாத பாதுகாப்பான திசையில், படுத்து அல்லது மேசையில் ஊன்றிக் குறி பாருங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி அதே இடத்தில் இருந்தால் ரைபிளும் நீங்களும் ஒத்துப்போகிறீர்கள். பக்கத்துக்கு நகர்ந்திருந்தால் கையால் இழுத்து நேராக்காதீர்கள், உடம்பைத் திருப்புங்கள். எத்தனை திருப்பியும் கன்னம் கட்டையில் படியவில்லை, கழுத்தைத் தூக்கியே ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், கன்னத்தண்டை உயர்த்தும் வசதி உள்ள கட்டை தேவை. பஞ்சும் டேப்பும் சுற்றிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை செய்யும்.

இரண்டாவது டிரிகர். விரலை மெதுவாக அழுத்தும்போது அது இழுபட்டு, உராய்ந்து, எப்போது விடுபடுகிறது என்றே தெரியாமல் போனால் அந்த ரைபிளை வைத்துவிடுங்கள். சுத்தமாக, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் ஒரே இடத்தில் விடுபட வேண்டும். புதியவருக்கு ஒரு கிலோ சுற்றுப்பட்ட எடை போதும். இறகு பட்டாலே வெடிக்கிற டிரிகர் இப்போது வேண்டாம். மேலே சொன்ன சி.இசட்., டிக்கா, சாவேஜ், ரூகர் எல்லாவற்றிலும் இதைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. அதனால்தான் அந்த நான்கைச் சொன்னேன்.

குழல் பற்றி நிறையப் பேசுவார்கள். .22 தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான். 16 முதல் 20 அங்குலத்துக்குள் அதன் வேகம் முழுமையாகிவிடும். நீளக் குழலால் வேகம் கூடாது. கனமான குழல் கையில் அசையாமல் நிற்கும், அதனால் மேசையில் ஊன்றிச் சுடுபவருக்கு நல்லது. நின்று சுட ஆசைப்படுபவர் தோளைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

மரக் கட்டையா, செயற்கைக் கட்டையா? நம் ஈரக்காற்றில் மரம் ஊதிக் குழலை உரச ஆரம்பித்தால் குறி அலையும். ஒட்டுப்பலகை அல்லது செயற்கைக் கட்டை எனக்குப் பிடிக்கும். அழகுக்கு வால்நட் மரம்தான், மறுக்கவில்லை.

பழைய ரைபிள் வாங்கலாமா? தாராளமாக. நல்ல நிலையில் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் போட்டி ரைபிள் பழையதாகக் கிடைத்தால் மேலே சொன்ன புதியவற்றையெல்லாம் மறந்துவிடலாம். ஆனால் வாய்வழி வியாபாரம் கிடையாது. டீலர் வழியாக, லைசென்ஸ் மாற்றத்தோடு, ரைபிளில் பொறித்த எண்ணும் காகிதத்து எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பார்த்த பிறகுதான் பணம். குழலின் வாயில் விளிம்பு நசுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புவது அந்த விளிம்புதான்.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

ரைபிளில் மிச்சம் பிடித்ததை இங்கே போடுங்கள். உருப்பெருக்க எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறு மீட்டருக்கு 12 மடங்கு தாராளம். பார்க்க வேண்டியது, குமிழைத் திருகினால் சொன்ன அளவு நகர்கிறதா, திரும்பத் திருகினால் அதே இடத்துக்கு வருகிறதா என்பது. மலிவு ஸ்கோப்கள் விழுவது இதில்தான்.

இன்னொன்று பேரலாக்ஸ். தலையைச் சற்று அசைத்தால் குறிக்கோடும் இலக்கின் மேல் அசைவதுபோல் தெரியும் தொந்தரவு. பெரிய ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப்புகளில் அதை 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். நமக்கு 50 மீட்டரும் வேண்டும், 100 மீட்டரும் வேண்டும். எனவே தூரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வளையம் உள்ளதாகப் பாருங்கள்.

குமிழ் நகர்த்தும் அளவு எம்.ஓ.ஏ.விலும் இருக்கும், மில்லிலும் இருக்கும்; இரண்டும் கோண அளவுகள். மீட்டர் கணக்கில் பழகிய நமக்கு மில் சுலபம்: 1 மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், குமிழின் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 1 சென்டிமீட்டர். 50 மீட்டரில் அதில் பாதி. எம்.ஓ.ஏ. என்றால் 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர், மனக்கணக்கு போட எரிச்சலாக இருக்கும். இரண்டு ரகத்தையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்: உள்ளே கோடு மில்லில், வெளியே குமிழ் எம்.ஓ.ஏ.வில் என்று இன்னும் சில விற்கிறார்கள்.

தோட்டாவுக்கு ஜாதகம் பார்ப்பது

ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைபிள்களுக்குக்கூட ஒரே தோட்டா ஒத்துவராது. .22 தோட்டாவை வீட்டில் மருந்து நிரப்பித் தயாரிக்கவும் முடியாது, கடையில் கிடைப்பதுதான். எனவே பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

அதிவேகம் என்று அட்டையில் போட்டிருப்பதை ஒதுக்குங்கள். நம் வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர் அளவில் இருக்கும். அதிவேகக் குண்டு அதைத் தாண்டிப் புறப்பட்டு, அட்டைக்குப் போவதற்குள் அதற்குக் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் ஆட்டம் காணும். ஸ்டாண்டர்ட் வகை வினாடிக்கு 325 மீட்டர் சுற்றில் புறப்படுவதால் அந்த ஆட்டம் இல்லை. சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட், ஜெர்மனியின் எஸ்.கே., இங்கிலாந்தின் ஈலி கிளப் ஆகியவற்றில் டீலரிடம் இருப்பதை ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

காலையில், காற்று எழும்பும் முன், 50 மீட்டரில் மேசையில் ஊன்றி உட்காருங்கள். குண்டுகளின் மேல் தடவியிருக்கும் மெழுகு ரகத்துக்கு ரகம் வேறு. புது ரகத்தின் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், குழல் பழகட்டும். அப்புறம் ஒரு வட்டத்துக்கு ஐந்து என்று ஐந்து வட்டங்கள். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் போனதும் துள்ளிக் குதித்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மூன்று குண்டு பொய் சொல்லும். ஒவ்வொரு வட்டத்திலும் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, ஐந்தின் சராசரியைப் பாருங்கள். 20 மில்லிமீட்டருக்குள் வந்தால் இந்த விலை ரைபிளுக்கு நல்ல பொருத்தம். எந்த ரகமும் 30க்குக் கீழே வரவில்லை என்றால் தோட்டாவைத் திட்டும் முன் கட்டையின் திருகுகளையும் ஸ்கோப்பின் வளையங்களையும் இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

தேர்ந்த ரகத்தில் 50 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்த பின், 100 மீட்டருக்குப் போய் எத்தனை கிளிக் ஏற்ற வேண்டியிருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். கூடவே நேரம், வெயில், கொடி எந்தப் பக்கம் ஆடியது என்பதும். உச்சி வெயிலில் தரையிலிருந்து அலையாடும் கானல், ஸ்கோப்பில் வட்டத்தையே நெளிய வைக்கும். அந்த நேரத்தில் குமிழைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

நம் வியர்வையும் ஈரக்காற்றும் இரும்புக்கு எமன். சுட்ட அன்றே வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பஞ்சு அடைத்த பையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குழலின் உள்ளே அடிக்கடி குடைய வேண்டியதில்லை, .22க்கு அளவுக்கு மீறிய சுத்தமும் ஆகாது. கை கழுவாமல் நாசி லெமாக்கைத் தொடாதீர்கள், ஈயம் விரலில் ஒட்டியிருக்கும்.

ரைபிளை மன்றத்தின் ஆயுத அறையில் வைக்க வழியிருந்தால் அதுவே மேல். வீட்டில் வைக்க அனுமதி கிடைத்தவர் பூட்டும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு திருகி, போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில், தோட்டாவை இன்னோரிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. லைசென்ஸ் முடியும் தேதியைச் சாலை வரித் தேதிக்குப் பக்கத்தில் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள், புதுப்பிக்கப் போகும்போது என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று மாவட்டப் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.